கோத்தகிரில கடை வாடகைக்கு எடுக்கறீங்களா? எங்க காம்ப்ளக்ஸ் பத்தி உள்ள இருக்கறவன் ரிவ்யூ

இது காட்டேஜ் ரிவ்யூ இல்லீங்க. கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட்ல இருந்து நடக்கற தூரத்துல இருக்கற ஒரு கமர்ஷியல் காம்ப்ளக்ஸ், அதுல கீழ் வரிசைல ஜெராக்ஸ், டிடிபி கடை வச்சிருக்கறவன் எழுதறது. டூரிஸ்ட் வந்து மேல இருக்கற பேக்கரில டீ குடிச்சிட்டு "வியூ சூப்பர்"னு அஞ்சு ஸ்டார் போட்டுட்டு போயிடறாங்க, கடை தேடறவனுக்கு அதுனால என்ன பிரயோஜனம்? காம்ப்ளக்ஸ் பேரு, ஓனர் பேரு ரெண்டும் போடல. ஊர்க்காரங்களுக்கு படிச்சாலே புரிஞ்சிரும், வெளியூர்க்காரங்க கடைத்தெருல "மேஸ்திரி காம்ப்ளக்ஸ்"னு கேட்டா கை காட்டுவாங்க.

ஆமா, ஓனரு மேஸ்திரி தான். இன்னைக்கு கார்ல வந்து இறங்கினாலும் அவர அப்படித்தான் கூப்பிடறோம், அவரும் "சொல்லு தம்பி"ன்னு தான் நிப்பாரு.

மொத கட்டடம் எப்படின்னு சொல்லிடறேன். மேல் ரோட்டப் பாத்து ஒரு வரிசை கடை, கீழ் ரோட்டப் பாத்து ஒரு வரிசை, அவ்வளவுதான், ரெண்டே அடுக்கு. நீலகிரில ஏழு மீட்டருக்கு மேல கட்டக்கூடாதுன்னு ரூல் இருக்கறது எல்லாருக்கும் தெரியும், 1993ல வந்த மலைப்பகுதி கட்டட விதில இருந்தே இந்த கெடுபிடி தான், இது போக ஜேசிபி வைக்கணும்னா கலெக்டர் அனுமதி, போர் இஷ்டத்துக்கு போட முடியாது, சரிவு ஜாஸ்தியா இருந்தா ஜியாலஜி ஆளுங்க வந்து பாக்கணும். அதனால இங்க டெவலப்பருக்கு மேல மேல அடுக்கி சம்பாதிக்கற வழி கிடையாது. கோயம்புத்தூர்லன்னா அஞ்சு மாடி போட்டு நிலத்து விலைய எடுத்துரலாம், இங்க ரெண்டு அடுக்குல எடுத்தாகணும். அப்ப எல்லாரும் என்ன பண்றாங்கன்னா, சரிவ எவ்வளவு வெட்ட முடியுமோ அவ்வளவு வெட்டி மண்ணோட ஒட்டி சுவர் எழுப்பி கடைசி ஒரு அடிய கூட கடையா மாத்திடறாங்க. மழைக்காலத்துல அந்த பின் சுவர்ல கை வச்சு பாருங்க, ஜில்லுன்னு ஈரம் கையில ஒட்டும். ஓதம்.

ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு ஓதம்னா என்னன்னு சொல்லட்டுமா. ஏ4 பண்டல பிரிச்சு ஒரு ராத்திரி வெளிய வச்சா காலைல பேப்பர் ஓரம் லேசா சுருண்டு நிக்கும், மெஷின்ல போட்டா ரெண்டு ரெண்டா இழுக்கும், டிரம் கிட்ட போய் சிக்கும், அத எடுக்க சைடு கதவ தொறந்தா டோனர் கையெல்லாம். எதுத்தாப்புல பத்திரத்துக்கு காப்பி எடுக்க வந்தவரு வாட்ச்ச பாத்துட்டு நிப்பாரு. முன்னாடி நான் இருந்த இடத்துல (அது வேற ஓனரு, வேற கட்டடம், அத விடுங்க) ஐப்பசி மாசம் முழுக்க பேப்பர் பண்டல் பக்கத்துல பல்பு எரிய விட்டு வச்சிருப்பேன்.

இந்த காம்ப்ளக்ஸ்ல அது இல்ல. காரணம் ஒரு சந்து. மண்ண தாங்கற ரிவிட்மென்ட் சுவருக்கும் கடையோட பின் சுவருக்கும் நடுவுல ரெண்டடி இடம் விட்டிருக்காரு, கடை நீளத்துக்கு அப்படியே ஓடுது, ஒரு ஆள் ஒருக்களிச்சு நடக்கலாம். ரிவிட்மென்ட்ல வரிசையா பைப் ஓட்டை, மண்ணுக்குள்ள இருக்கற தண்ணி அது வழியா சந்துல விழுந்து காவா வழியா கீழ போயிடும், கடை சுவர தொடவே தொடாது. மழை விட்டு ரெண்டு மூணு நாள் ஆனாலும் சொட்டிக்கிட்டு தான் இருக்கும். மழைக்காலம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மேஸ்திரி ஒரு எட்டு எம்எம் கம்பிய எடுத்துட்டு வந்து ஒவ்வொரு ஓட்டையா குத்தி மண்ண எடுப்பாரு. ஆள் வச்சு செய்யலாம், செய்ய மாட்டாரு, "அவனுங்க நாலு ஓட்டைய குத்திட்டு பீடி குடிக்க போயிடுவானுங்க"ம்பாரு.

எதுக்கு இவ்வளவு பயம்னா 2009 நவம்பர். கேத்தில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டின வருஷம், மாவட்டத்துல நாப்பது பேருக்கு மேல செத்தாங்க, குன்னூர் ரோடு கோத்தகிரி ரோடு எல்லாம் மூடியாச்சு. அப்ப இவரு வெறும் கான்ட்ராக்டர். தண்ணி வெளிய வர வழி இல்லாத சுவர் தான் மொத சாஞ்சுதுன்னு சொல்லுவாரு, மண்ண விட அதுல தேங்கற தண்ணி தான் சுவர தள்ளும்பாரு.

இப்ப அவரு கதைக்கு வரேன், இது தெரிஞ்சாத்தான் கட்டடம் ஏன் இப்படி இருக்குன்னு புரியும். ஆரம்பத்துல சென்ட்ரிங் வேலைக்கு வந்தவரு, அப்புறம் மேட்டுப்பாளையத்துல இருந்து மணல் ஜல்லி ஏத்திட்டு வர லாரி ஒண்ணு. 1999, 2000 வாக்குல பச்ச தேயிலை விலை படுத்துச்சு இல்ல, சோவியத் யூனியன் உடைஞ்சதுல ஏற்கெனவே அடி வாங்கின மார்க்கெட்டு, அப்ப சின்ன தோட்டக்காரங்க கால் ஏக்கர் அரை ஏக்கர்னு வித்து கடன் கட்டினாங்க. ஊர்ல காசு வச்சிருந்தவங்க எல்லாம் அத வாங்கி பிளாட் போட்டு, காட்டேஜ் கட்டி கோயம்புத்தூர், சென்னை, பெங்களூருக்காரங்களுக்கு வித்தாங்க. மேஸ்திரி கையில அவ்வளவு காசு இல்ல, டவுனுக்குள்ள இடிஞ்சு கிடந்த ஒரு பழைய ஓட்டு வீட்டு இடம், அதுவும் பங்காளி தகராறுல மாட்டினது, அத வாங்கினாரு. வில்லங்கம் தீர்க்கவே ரொம்ப நாள் ஆச்சு.

அங்க கட்டினது தான் இந்த காம்ப்ளக்ஸ். எல்லாரும் ஷட்டர் ஷட்டரா வித்துட்டு வெளிய வந்துருன்னாங்களாம். விக்கல. "காட்டேஜ் ஏப்ரல் மே தான் ஓடும், ஜெராக்ஸ் கடை ஆடி மாசமும் ஓடும்"னு என் முன்னாடியே ஒருத்தர்கிட்ட சொன்னாரு. 2024 மே மாசம் ஊட்டி கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தப்ப ரூம் வச்சிருந்தவங்க எல்லாம் பொலம்பினாங்க, இவரு வாடகைல ஒரு பைசா கொறையல.

என்னைய கேட்டா இந்த ஒரு முடிவு தான் மொத்த விஷயமும். வித்துட்டு போறவனுக்கு அந்த ரெண்டடி சந்து நஷ்டம், அதையும் கடைல சேத்து ரேட் போடுவான், ஓதம் ஏர்றப்ப அவன் எங்கேயோ இருப்பான். வச்சுக்கறவனுக்கு அந்த சந்து தான் இருபது வருஷ வாடகை. பெரிய லெவல்லயும் இதே தான் நடக்குது. சென்னைல ஸ்பென்சர் பிளாசால கடைகள தனித்தனி ஆளுங்களுக்கு வித்தாங்க, ஓனருங்க ஆளுக்கொரு பக்கம், மொத்தமா சேந்து ஒரு முடிவு எடுக்கறதே கஷ்டம். 2010ல வந்த எக்ஸ்பிரஸ் அவென்யூ ஒரே கையில இருந்து வாடகைக்கு விட்டது, எந்த மாடில எந்த கடைன்னு அவங்களே முடிவு பண்ணலாம். பெங்களூரு எம்பசி குரூப்பு அவங்க ஆபீஸ் கட்டடங்கள 2019ல ரீட் (REIT, வாடகைக்கு விட்ட கட்டடங்கள வச்சிருந்து யூனிட் விக்கற டிரஸ்ட்) ஆக்கி மார்க்கெட்டுக்கு கொண்டு வந்தாங்க, இந்தியாவுல மொத ரீட் அது, வர்ற வாடகைல செலவு போக குறைஞ்சது 90 சதவீதத்த யூனிட் வச்சிருக்கறவங்களுக்கு பிரிச்சு குடுத்தே ஆகணும்னு பங்குச்சந்தைய கண்காணிக்கற செபியோட ரூல். அதாவது கட்டடத்த விக்காம வாடகைய பிரிக்கறது. மேஸ்திரிக்கு ரீட்னா என்னன்னு தெரியாது, ஆனா பண்றது அதே தொழில் தான், என்ன, பங்கு பூரா அவருக்கு.

சரி, குறைய சொல்லாம விட்டா ரிவ்யூவே இல்ல.

அக்ரிமெண்ட்ல என் கடை 240 சதுர அடி. நான் டேப் வச்சு உள்சுவருக்கு உள்சுவர் அளந்தேன், 178. மிச்சம் எங்கன்னா படிக்கட்டு, பொது பாத்ரூம், ஈபி ரூம், அப்புறம் அந்த சந்து! சூப்பர் பில்ட்அப்னு சொல்லி 35 சதவீதம் ஏத்தி போட்டிருக்காரு. வெளிய கடைக்காரங்ககிட்ட கேட்டா இது ரொம்ப ஜாஸ்தி இல்லம்பாங்க, ஆனா டவுன்ல பழைய கடைங்க உள்ளளவு தான் பேசுவாங்க, அதனால ரேட்ட சதுர அடிக்கு ஒப்பிடாதீங்க, மொத்த வாடகைய உள்ளளவால வகுத்து பாருங்க. சந்துக்கு வாடகை குடுக்கறது எனக்கு பரவாயில்லீங்க, பேப்பர் காயறதுக்கு குடுத்த காசுன்னு வச்சுக்கறேன். பாத்ரூமுக்கு குடுக்கறது தான் எரியுது, சனி ஞாயிறுல டூரிஸ்ட் வேன் நின்னா அந்த பாத்ரூம் பக்கம் போக முடியாது.

ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. கணக்கு வச்சு, கட்டின வரிய கிரெடிட்டா கழிச்சுக்கற ஷோரூமுக்கு அது ஒண்ணும் இல்ல, எங்கள மாதிரி சின்ன கடைக்கு நேரா செலவு. வாடகை பேசறப்ப "ஜிஎஸ்டி சேத்தா, சேக்காமயா"ன்னு மொத கேள்வியா கேளுங்க.

வாடகை உயர்வு வருஷம் 5 சதவீதம். டவுன்ல வழக்கம் மூணு வருஷத்துக்கு ஒருக்கா 15. ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், இல்ல. 10,000 ரூபாய்னு வைங்க, இவரு கணக்குல ரெண்டாவது வருஷமே 10,500, மூணாவது 11,025, நாலாவது 11,576. பழைய வழக்கத்துல மூணு வருஷமும் 10,000, அப்புறம் 11,500. இத சொன்னேன், "நீ ஜெராக்ஸுக்கு வெல ஏத்தல?"ன்னு திருப்பி கேட்டாரு. ஏத்தத்தான் செஞ்சேன்.

ஜெனரேட்டர் டீசல் தான் பெரிய சண்டை. கரண்ட் போனா ஓடுது, அது சரி, ஆனா பங்கு பிரிக்கறது கடைக்கு இவ்வளவுன்னு சமமா. ஃப்ரிட்ஜ் வச்சிருக்கற ஐஸ்கிரீம் கடையும் ஒரு பங்கு, லைட் மட்டும் போடற தையல் கடை அக்காவும் ஒரு பங்கு. அக்கா மாசாமாசம் கேக்கறாங்க, "பாக்கலாம்மா"ன்னு போயிடறாரு. கடைக்கு ஒரு சப் மீட்டர் போட்டா முடிஞ்சுது. இதுல அவரு மேல எனக்கு நல்ல கோவம் இருக்கு.

பார்க்கிங் சொல்லவே வேணாம், மேல நாலு காரு, அதுல ஒண்ணு எப்பவும் பேக்கரி ஓனரோடது. சரக்கு இறக்கணும்னா காலைல ஒம்போது மணிக்குள்ள முடிச்சிருங்க.

நல்லது இன்னும் ரெண்டு இருக்கு. பிளான் அப்ரூவல், கம்ப்ளீஷன் சர்டிபிகேட் எல்லாம் காப்பி கேட்டா தராரு, (காப்பி எடுத்து குடுக்கறதே நான் தான்). நீலகிரில இத லேசா நினைக்காதீங்க, அனுமதி சரியில்லைன்னு சீல் வச்சா கட்டினவருக்கு கட்டடம் போகும், உங்க சரக்கு ஷட்டர் உள்ள மாட்டிக்கும். சீகூர் யானை வழித்தட கேஸ்ல 2018ல ரிசார்ட்டுங்களுக்கு சீல் வச்சது, 2020ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது எல்லாம் இந்த மாவட்டத்துல தானே. இன்னொண்ணு 2020 லாக்டவுன், ஷட்டர் மூடியிருந்த மாசத்துக்கு ஈபியும் மெயின்டெனன்ஸும் மட்டும் வாங்கினாரு. நாங்க போய் கேக்கல, அவரே போன் பண்ணாரு. கூடவே "காலி பண்ணிடாதீங்க தம்பி, புது ஆள் தேடறதுக்கு இது தேவலாம்"னு சொன்னாரு, அதனால தர்மம்னு சொல்ல மாட்டேன், கணக்கு தெரிஞ்ச மனுஷன்.

இப்ப பக்கத்துல ரெண்டாவது இடத்துக்கு அட்வான்ஸ் குடுத்திருக்காருன்னு பேச்சு. பையன் கோயம்புத்தூர்ல சிவில் படிச்சிட்டு வந்திருக்கான், அவன் இடத்த அளக்க வந்தப்ப சந்து எதுக்கு, அந்த ரெண்டடிய கடைல சேத்தா ஒரு ஷட்டர் கூட வருமேன்னு அப்பாகிட்ட பேசிட்டிருந்தது என் கடை வரைக்கும் கேட்டுச்சு. மேஸ்திரி பதில் சொல்லல, அவன சந்துக்குள்ள கூட்டிட்டு போயிட்டாரு. புது கட்டடம் வந்தா மொத பின் பக்கம் போய் பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்கன்னு மட்டும் சொல்லிக்கறேன்.

என் ரேட்டிங் நாலு ஸ்டார், ஒண்ணு டீசலுக்காக வெட்டினது. கீழ் வரிசைல இப்ப ஒரு ஷட்டர் காலியா இருக்கு, ஓரத்துல இருக்கறது, மேல் ரோட்டு ஜனம் இறங்கி வராது, அதனால நடந்து போறவங்கள நம்பற வியாபாரம்னா வேணாம். தேடி வர்ற வேலை, டெய்லர், மொபைல் சர்வீஸ், ஆடிட்டர் ஆபீஸ் மாதிரின்னா தாராளமா எடுக்கலாம். 2019 பிப்ரவரில இருந்து அமல்ல இருக்கற வாடகை சட்டப்படி எழுத்துல போட்டு பதிவு பண்ணிக்கோங்க, அதுல டீசல் பங்கு எப்படின்னு ஒரு வரி எழுத வைங்க. டேப் இல்லைன்னா எங்கிட்ட வாங்கிக்கலாம்.