செவிச்சேயா, திராதீத்தோவா? லிமாவில் எதைக் கேட்பது

செவிச்சேயும் திராதீத்தோவும் பெரு நாட்டின் பச்சை மீன் உணவுகள். தலைநகர் லிமாவின் பழைய கடலோரப் பேட்டையான பர்ராங்கோவில் செவிச்சே கடைகள் பெரும்பாலும் மதியக் கடைகள். சாயங்காலம் போனால் பல பூட்டியிருக்கும்.

செவிச்சேயில் மீனை ஏறக்குறைய 2 செ.மீ. துண்டுகளாக வெட்டி, உப்பு, சிவப்பு வெங்காயம், மிளகாய், கொத்தமல்லியோடு எலுமிச்சைச் சாற்றில் பிரட்டுவார்கள். ஐந்து நிமிடமே போதும். துண்டின் நடு பச்சையாகத் தெரிந்தால்தான் பதம். நெடுநேரம் ஊறினால் புளிப்பு சதையை இறுக்கி ரப்பராக்கிவிடும். பழத்தை ஒட்டப் பிழிந்தாலோ கசப்பு. கூடவே அவித்த சர்க்கரைவள்ளி, பெரிய மணிச் சோளம், மொறுமொறு வறுத்த சோளம் வரும். வயிறு நிறையும். தட்டில் தேங்கும் சாற்றை (லெச்சே தே திக்ரே) மிச்சம் வைப்பது வீண். கரண்டி கேட்டுக் குடியுங்கள்.

திராதீத்தோவில் ஜப்பானியக் குடியேறிகளின் கைவண்ணம் தெரியும். மெல்லிய சீவல்கள், வெங்காயம் வழக்கமில்லை, மஞ்சள் மிளகாய்ச் சாறு பரிமாறும் நேரத்தில்தான் மேலே விழும். ஊறல் இல்லாததால் பழைய மீன் முதல் வாயிலேயே காட்டிக்கொடுத்துவிடும். அளவும் குறைவு, அதனால் இருவர் பகிர்ந்து முதலில் சாப்பிட ஏற்றது. வந்ததும் தின்றுவிட வேண்டும்.

எலுமிச்சை மீனை வெளுக்க வைக்குமே தவிர எல்லாக் கிருமியையும் கொல்லாது. கர்ப்பிணிகள் இரண்டையும் விட்டு, ஹலேயா (மாவில் பிரட்டிப் பொரித்த மீனும் கடலுணவும்) கேட்கலாம்.