வைராக் எச்டபிள்யூ 30 எஸ்: வேகம் குறைவு, துல்லியம் நிறைவு

ஏர் ரைஃபிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது வேகத்தைத்தான். அதை மட்டும் பார்த்தால் வைராக் எச்டபிள்யூ 30 எஸ் சப்பென்றுதான் தெரியும். குண்டு வெளியேறும் சக்தி 7.5 ஜூல் உள்ள ரகத்தில் 0.547 கிராம் பெல்லட்டை, அதாவது ஈயக் குண்டைப் போட்டால் விநாடிக்குச் சுமார் 165 மீட்டர், அதாவது 540 அடி சொச்சம். பெட்டியின் மேல் 1,000 அடி, 1,200 அடி என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்ளும் துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில் இந்த எண் எடுபடாது. ஆனால் 10 மீட்டரிலிருந்து 25 மீட்டர் வரை தாளிலும் தகர டப்பாவிலும் நினைத்த இடத்தில் அடிக்கப் பழக வேண்டும் என்றால், ஸ்பிரிங் ரகத்தில் இதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை. வேகம் குறைவாக இருப்பதே அதற்கு ஒரு காரணம். உள்ளே ஓடும் பிஸ்டன் சிறியது, ஸ்பிரிங் மென்மையானது. அதனால் உதைப்பு குறைவு, பிடிப்பில் வரும் சின்னச் சின்னப் பிசகுகளையும் பொறுத்துக்கொள்கிறது.

ஜெர்மனியின் மெல்ரிஷ்டாட்டில் தயாராகும் இது பேரலை, அதாவது குழலை மடித்து ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. எடை சுமார் இரண்டரை கிலோ, நீளம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பீச் மரக் கட்டை. காற்று நிரப்ப பம்ப், சிலிண்டர் என்று எதுவும் தனியாக வேண்டாம். குறிபார்க்கும் முன் சைட் வட்டக் கூண்டுக்குள் இருக்கிறது, உள்ளே இருக்கும் தகட்டை மாற்றிக்கொள்ளலாம். பின் சைட்டை மேல் கீழாகவும் பக்கவாட்டிலும் கிளிக் வைத்துத் திருகலாம். ஸ்கோப்பே இல்லாமல் இதோடு ஆரம்பிப்பதுதான் நல்லது. வளரும் பிள்ளைகள்கூட பெரியவர் மேற்பார்வையில் ஏற்றிச் சுடக்கூடிய அளவுக்கு மடிக்கும் விசை லேசானது. ஒரு மணி நேரம் சுட்டாலும் தோள் சோர்ந்துபோகாது.

இதன் உயிர் டிரிக்கர்தான். பெயரில் இருக்கும் "எஸ்" அதைத்தான் குறிக்கிறது. வெறும் எச்டபிள்யூ 30 இல் சாதாரண டிரிக்கர், எஸ் மாடலில் ரெக்கார்ட் டிரிக்கர். இரண்டு கட்டமாக இயங்கும். முதல் கட்டத்தில் லேசாக நகர்ந்து ஒரு சுவரில் போய் முட்டி நிற்கும். அங்கே நிறுத்தி, மூச்சைப் பாதி விட்டு, சைட்டைச் சரிபார்த்து, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இழுபறி இல்லாமல் விடுபடும். விரல் என்ன செய்கிறது என்பதை இவ்வளவு தெளிவாக உணர்த்தும் டிரிக்கர் இந்த ரகத்தில் அபூர்வம். டிரிக்கருக்குப் பின்னால் தெரியும் பெரிய திருகை இடப்பக்கம் திருப்பினால் இழுவை குறையும், வலப்பக்கம் திருப்பினால் கூடும். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். உள்ளே இருக்கும் இன்னொரு சிறு திருகைத் தொடவே வேண்டாம். அது கொக்கிகள் ஒன்றையொன்று பற்றும் அளவை மாற்றுவது. பிடிமானம் குறைந்துபோனால் துப்பாக்கி தட்டுப்பட்டாலே வெடித்துவிடும். இழுவையை அரை கிலோவுக்குக் கீழே இறக்க வேண்டிய அவசியமும் பொழுதுபோக்குக்குச் சுடுகிறவருக்குக் கிடையாது. மாற்றிய பிறகு, பெல்லட் ஏற்றி, பேரல் இலக்குக்குப் பின்னால் குண்டைத் தாங்கும் தடுப்பை நோக்கி இருக்க, சேஃப்டியை எடுத்துவிட்டு, டிரிக்கரைத் தொடாமல் கட்டையின் அடியை உள்ளங்கையால் நன்றாகத் தட்டிப் பாருங்கள். விடுபட்டால் திருகை மறுபடி உள்ளே கொண்டுபோக வேண்டும்.

ஏற்றும்போது கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு, அது விரலைக் காப்பாற்றும் விஷயம். வைராக்கின் எச்டபிள்யூ 77, 97 மாதிரி, பேரலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலை இழுத்து ஏற்றும் மாடல்களில், ஏற்றும் நேரத்தில் டிரிக்கர் தவறி விடுபடாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது. இந்தப் பேரல் மடிக்கும் மாடலில் அது கிடையாது. பேரல் திறந்திருக்கும்போது டிரிக்கர் விடுபட்டால் ஸ்பிரிங் பேரலைச் சட்டென்று மேலே தூக்கி அடிக்கும். நடுவில் விரல் இருந்தால் எலும்பு முறியும், கட்டை பிளக்கும், பேரல் வளையும். ஆகவே முறை இதுதான்: கட்டையின் அடியைத் தொடையில் ஊன்றுங்கள், வலது கை பிடியில், ஆள்காட்டி விரல் டிரிக்கரைச் சுற்றியிருக்கும் வளையமான டிரிக்கர் கார்டுக்கு வெளியே. இடது கையால் பேரலின் முனைப் பக்கத்தைப் பிடித்து ஒரே சீராக இழுத்து, கொக்கி மாட்டும் சத்தம் கேட்கும் வரை மடியுங்கள். பிறகு பேரலை விட்டுவிட்டு பெல்லட்டைத் தேடக் கூடாது. துப்பாக்கியைக் கக்கத்திலோ முழங்காலிலோ தாங்கி, ஒரு கை பேரலை இறுக்கிப் பிடித்தபடியே இருக்க, மறு கையால் பெல்லட்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பெல்லட்டின் பின்பக்கம் விரிந்திருக்கும் பாவாடையின் விளிம்பு பேரலின் முகத்தோடு சமமாக இருக்க வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் மூடும்போது நசுங்கும், அந்தக் குண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூடும்போதும் கையால் கொண்டுபோய் மூடுங்கள். சினிமாவில் வருவதுபோல ஒரு உதறலில் டக்கென்று மூடினால் கீல் தளர்ந்து, பேரல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் உட்காரும்.

சேஃப்டி தானாகவே விழும். பின்பக்கம் இடது ஓரத்தில் இருக்கும் பொத்தானை உள்ளே அழுத்தினால் சுடத் தயார். ஒரு முறை அழுத்தினால் மறுபடி போட முடியாது, பேரலை இன்னொரு தடவை முழுக்க மடித்தால்தான் திரும்பி வரும். எனவே சைட்டை இலக்கில் வைத்த பிறகுதான் பொத்தானைத் தொட வேண்டும். ஏற்றிய பிறகு யாராவது தடுப்புப் பக்கம் நடந்தால், "சேஃப்டி இருக்கிறதே" என்று ஏற்றியபடியே காத்திருப்பது தவறு. ஆள் விலகும் வரை பேரலைப் பாதுகாப்பான திசையில் வைத்திருந்து, பிறகு தடுப்பில் சுட்டுக் காலி செய்யுங்கள். பேரலைப் பிடித்துக்கொண்டு டிரிக்கரை அழுத்தி மெல்ல இறக்கும் வித்தையைப் பலர் செய்கிறார்கள். கை வழுக்கினால் மேலே சொன்னதுதான் நடக்கும். சுடாத நேரமெல்லாம் ஸ்பிரிங் ஏறாமல், பேரல் பாதி மடிந்து கிடக்கட்டும். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கும் துப்பாக்கி காலி என்று தெரியும்.

புதுசாகப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் இதை எடை போடாதீர்கள். ஸ்பிரிங் ரகத் துப்பாக்கி எதுவானாலும் உள்ளே தயாரிப்பின்போது போட்ட எண்ணெயும் கிரீஸும் கொஞ்சம் அதிகப்படியாக இருக்கலாம். அழுத்தத்தில் காற்று சூடாகி அந்த எண்ணெய் எரியும்: புகை, கருகிய வாடை, சில சமயம் பட்டென்ற சத்தம். அந்த நேரத்தில் வேகம் ஏறி இறங்கும், குண்டு மேலும் கீழுமாகப் படும். 500 பெல்லட் டப்பா ஒன்று காலியாகும்போது பெரும்பாலும் அடங்கிவிடும். சத்தம் நிற்காமல் தொடர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும், சீல் கெடும், ஸ்பிரிங் உடையும். இதே காரணத்துக்காகத்தான் காற்றறைக்குள் தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதையும் விடக் கூடாது. பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடுவதும் கூடாது. பெல்லட்டின் தடை இருந்தால்தான் பிஸ்டனுக்கு முன்னால் காற்று மெத்தை உருவாகும். அது இல்லாவிட்டால் இரும்பு இரும்பில் போய் மோதும்.

பிடிக்கும் விதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "துப்பாக்கி சரியில்லை" என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதில்தான் முடிகிறது. டிரிக்கர் விடுபட்டதும் பிஸ்டன் முன்னே பாய்கிறது, துப்பாக்கி பின்னே நகர்கிறது. பிஸ்டன் காற்று மெத்தையில் மோதித் தயங்கும்போது துப்பாக்கி முன்னே இழுக்கப்படுகிறது. பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. அதை அடக்கப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அளவில் அடக்குவோம், குண்டு சிதறும். இடது உள்ளங்கையை விரித்து, துப்பாக்கியின் எடை சமமாக நிற்கும் இடத்தில் சும்மா தாங்குங்கள், விரல்கள் கட்டையைப் பற்ற வேண்டாம். கன்னம் லேசாக, தோளில் லேசாக. சுட்ட பிறகும் ஒரு விநாடி இலக்கையே பாருங்கள். மேசையில் சாய்த்துச் சுடுவதானால் மூட்டையின் மேல் கையை வைத்து, கையின் மேல் துப்பாக்கியை வையுங்கள். கட்டையை நேராக மரத்திலோ கல்லிலோ வைத்தால் குண்டு இலக்கை விட்டு விலகும்.

பெல்லட் விஷயத்தில் 4.5 மில்லிமீட்டரில் 0.45 முதல் 0.55 கிராம் வரை போதும். அதற்கு மேல் கனமானவை இந்தச் சக்திக்குச் சீக்கிரம் தாழும். தாளில் 10 மீட்டருக்கு எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் போன்ற தட்டைத் தலை நன்றாக வட்டமாக வெட்டும். 15 மீட்டரைத் தாண்டினால் உருண்டைத் தலை வேண்டும்: ஜேஎஸ்பி எக்ஸாக்ட் 0.547 கிராம், அதே கம்பெனியின் எக்ஸ்பிரஸ் 0.51 கிராம். இரண்டு மூன்று வகைகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் முதல் 20 குண்டுகளைக் கணக்கில் எடுக்காமல், பிறகு ஐந்து ஐந்தாகச் சுட்டு ஒப்பிடுங்கள். பேரலுக்குள் முந்தைய வகையின் ஈயம் படிந்திருப்பதால் முதலில் வருவதை நம்ப முடியாது. இரும்பு பிபி குண்டை இதில் போடவே கூடாது, உள்ளே இருக்கும் திருகு வரிகளைத் தேய்த்துவிடும்.

ஸ்கோப் மாட்டுவதானால் 10 மீட்டரில் ஃபோகஸ் ஆகும், ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கென்றே செய்த ஸ்கோப்பாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் வரும் இந்த உதைப்பு, சாதாரண வேட்டை ஸ்கோப்பைக்கூட உள்ளே உடைத்துவிடும். ஸ்கோப்பைத் தாங்கும் மவுன்ட்டின் ஸ்டாப் பின், அதாவது நகராமல் தடுக்கும் முள், துப்பாக்கியின் மேலே இருக்கும் துளையில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையேல் மெல்ல மெல்லப் பின்னால் நகரும். ஸ்கோப்பின் நடுக்கோடு பேரலுக்கு 4 சென்டிமீட்டர் மேலே இருக்க, 0.547 கிராம் பெல்லட்டை 20 மீட்டரில் ஜீரோ செய்தால், அதாவது குறி வைத்த இடத்திலேயே படும்படி ஸ்கோப்பைத் திருகி வைத்தால், கணக்கு இப்படி வரும்: 10 மீட்டரிலும் கிட்டத்தட்ட நடுவிலேயே படும், 15 இல் அரை சென்டிமீட்டர் மேலே, 25 இல் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கீழே. 35 மீட்டருக்குப் போனால் ஒன்பது சென்டிமீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிடும். இதனால்தான் 25 மீட்டரை இதன் எல்லை என்று சொல்கிறேன்.

நேற்று வரை ஒரே ஓட்டையாகப் போட்ட துப்பாக்கி இன்று சிதறினால் முதலில் கட்டைத் திருகுகளைப் பாருங்கள். முன்கட்டையின் இரு பக்கத் திருகுகளும் டிரிக்கர் கார்டின் திருகுகளும் ஆட்டத்தில் தளரும். அவற்றைச் சமமாக, மரம் நசுங்காத அளவுக்கு முடுக்கினால் போதும். அடுத்து பேரல் சீல்: பேரலை மூடிய பின் அது மடியும் மூட்டின் மேல் ஒரு மெல்லிய டிஷ்யூத் துண்டை வைத்துச் சுட்டால், அது படபடத்தால் காற்று கசிகிறது, சீல் மாற்ற வேண்டும். வெளிப்புறக் கருநீலப் பூச்சு அழகுதான், ஆனால் வியர்வைக் கைரேகையிலேயே துரு பிடிக்கும். வைக்கும் முன் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. பஞ்சு வைத்த பெட்டிக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள், பஞ்சு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துப்பாக்கி ஒரு பூட்டிலும் பெல்லட் வேறு இடத்திலும் இருக்கட்டும்.

சக்தி குறைவு என்பதால் தடுப்பில் அலட்சியம் வேண்டாம். தவறிப்போன பெல்லட் 100 மீட்டரைத் தாண்டியும் போகும், கண்ணைப் பறிக்க இந்தச் சக்தி தாராளம். 45 டிகிரி சாய்ந்த இரும்புத் தகடு வைத்த பெல்லட் பெட்டி நல்லது. செங்குத்தான கல், தடித்த மரம் இரண்டும் குண்டைத் திருப்பி அனுப்பும். சுடுகிறவர், பக்கத்தில் நிற்கிறவர் இருவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பெல்லட் ஈயம். வாயில் வைத்துக்கொண்டு ஏற்றும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு. பெட்டியில் சேரும் ஈயத் தூளை உலர்வாகப் பெருக்காமல் ஈரத்துணியால் எடுங்கள்.

குறை என்று பார்த்தால், காற்றடித்தால் 25 மீட்டரிலேயே பெல்லட் ஒதுங்கும். 40 மீட்டரில் விழும் இலக்குகளைச் சுட விரும்புகிறவருக்கு எச்டபிள்யூ 50 எஸ் பொருந்தும், கூடவே எடையும் உதைப்பும் ஏறும். 10 மீட்டர் போட்டியில் இறங்க நினைப்பவருக்கு இரண்டுமே உதவாது, உதைப்பே இல்லாத அழுத்தக் காற்று ரைஃபிள் வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போது எச்டபிள்யூ 30 க்குப் பின்னால் எஸ் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் சட்டம் எத்தனை ஜூல் வரை அனுமதிக்கிறது, உரிமம் வேண்டுமா என்பதையும் முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள். இதே துப்பாக்கி ஒன்றுக்கு மேற்பட்ட சக்தி அளவில் விற்கிறது. ஜெர்மனியில் விற்கும் 7.5 ஜூல் வகையில் ஐங்கோணத்துக்குள் எஃப் முத்திரை இருக்கும்.