இழிந்தாரா, இறங்கினாரா?

பேருந்திலிருந்து ஒருவர் 'இழிந்தார்' என்று இன்றைக்கு எழுதினால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஆனால் பெரியபுராணத்தில் திருஞானசம்பந்தர் தலங்களை நெருங்கும்போது முத்துச் சிவிகையிலிருந்து இழிந்துதான் வணங்குகிறார். சேக்கிழாருக்கு அதில் மரியாதைக் குறைவாக எதுவும் படவில்லை. இழிதல் என்றால் இறங்குதல், அவ்வளவுதான்.

பழந்தமிழில் மேலிருந்து கீழே வருவது எதுவானாலும் இழியும். திருமுருகாற்றுப்படையின் கடைசிப் பகுதியில், வாழையை முறித்து, தென்னையின் இளநீர்க் குலைகளை உதிர்த்துக்கொண்டு வருகிற அருவி 'இழுமென இழிதரும்'. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தண்ணீர் விழுகிற ஓசையே ழகரத்தில் கேட்கும். அந்த இடத்தில் 'இறங்கும்' என்று மாற்றிப் போட்டால் அருவி நின்றே போகும்.

சிக்கல் எங்கே என்பதற்குக் குறளே சாட்சி. 'தலையின் இழிந்த மயிரனையர் மாந்தர் நிலையின் இழிந்தக் கடை' (964). ஒரே குறளில் அந்தச் சொல் இரண்டு முறை வருகிறது. முதலாவது தலையிலிருந்து கீழே விழுந்த மயிர், கண்ணால் பார்க்கிற காரியம். இரண்டாவது மனிதர் தம் நிலையிலிருந்து தாழ்வது. 133ஆம் குறளில் வரும் 'இழிந்த பிறப்பு' முழுக்க இந்த இரண்டாவது வகை. தொல்காப்பியத்திலும் 'ஈ' என்று கேட்பவன் இழிந்தோன், 'தா' என்பவன் ஒப்போன், 'கொடு' என்பவன் உயர்ந்தோன். ஆக, தாழ்வுப் பொருள் பிற்காலத்தில் யாரோ ஒட்டியதல்ல. ஆரம்பத்திலிருந்தே கூட இருந்தது. அது வளர்ந்து வளர்ந்து வீட்டுக்காரனையே வெளியே தள்ளிவிட்டது என்பதே என் கணிப்பு.

இறங்கு என்பதும் பழைய சொல்தான். புறநானூற்றில் ஔவையார் 'இறங்கு கதிர்' என்கிறார் (98): மணி முற்றி, பாரம் தாங்காமல் வளைந்து தொங்கும் நெற்கதிர். அப்படித் தலை தாழ்ந்து நின்ற சொல், இன்று பேருந்து, விலைவாசி, காய்ச்சல், சாமி என்று எல்லாவற்றுக்கும் ஓடுகிறது. மதுரையில் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிறார். பிடிவாதக்காரரை 'கொஞ்சம் இறங்கி வாங்க' என்கிறோம். களத்தில் இறங்குவதோ வீரம். இத்தனை சுமந்தும் இந்தச் சொல்லுக்கு அழுக்கு ஒட்டவில்லை. (இதற்கு இருக்கிற ஒரே தொல்லை எழுத்துப்பிழை. 'இரங்கல் செய்தி'யை 'இறங்கல் செய்தி' ஆக்கிவிடுகிறார்கள். அது ஓசையால் வந்த குழப்பம், சொல்லின் குற்றமில்லை.)

பிறவினையைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். இறக்கு என்றால் லாரியிலிருந்து மூட்டை இறக்குவது. அதிலிருந்து இறக்குமதி வரை வந்தாயிற்று. இழித்தல் என்பதில் மிச்சம் இருப்பது இழித்துப் பேசுவது மட்டும்.

பேச்சில் இறங்கு 'எறங்கு' ஆகிறது, இலை 'எலை' ஆவதுபோல. கேரளத்தில் பேருந்தில் 'ஆளிறங்ஙானுண்டு' என்ற குரல் கேட்கும். இலங்கைத் தமிழர் 'இறக்கம்' என்று ஒற்றைச் சொல்லில் பேருந்தை நிறுத்திவிடுவார்கள். தமிழ்நாட்டிலோ இறக்கம் என்றால் சாலைச் சரிவு.

கன்னடத்தில் கதை நேர்மாறு. அங்கே பேருந்திலிருந்து இறங்க இன்றும் நம்முடைய பழைய இழிதான். பழங்கன்னடத்தில் இருந்த ழகரம் பின்னாளில் ளகரம் ஆனதால் அது 'இளி' ஆகிவிட்டது. பெங்களூரில் நடத்துநர் 'இள்கொள்ளி' என்று அவசரப்படுத்தும்போது, யாரையோ பார்த்து இளிக்கச் சொல்கிறார் என்று புதிதாகப் போன தமிழருக்குத் தோன்றினால் வியப்பில்லை. ஆனால் அதன் வேர் சம்பந்தர் சிவிகையிலிருந்து இழிந்த அதே வினை.

இன்றைய எழுத்துக்கு எது? வண்டி, படி, மலை எல்லாவற்றுக்கும் இறங்குதான், பேச்சே இல்லை. பழமை வேண்டும் என்று சிறுகதையில் ஒரு பெரியவரை மாட்டு வண்டியிலிருந்து 'இழிய' வைத்தால், படிப்பவர் அவர் என்ன தப்பு செய்தார் என்று தேடுவார். அருவிக்கு மட்டும் நான் விலக்குக் கொடுப்பேன். 'மலைமேலிருந்து இழியும் அருவி' என்று எழுதினால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அருவியைத் திட்ட யாருக்கும் காரணம் இல்லையே.