பழைய குடும்பப் படத்தோட பூர்வீகம் கண்டுபிடிச்சுத் தர்றேன்னு யாராச்சும் வந்தா படத்தக் கையில குடுத்துடாதீங்க

வீட்டுல பெரியவங்க படம் மாட்டி வச்சிருக்கவங்க, முக்கியமா நம்ம காரைக்குடி பக்கத்து ஆளுங்க, கொஞ்சம் நீளமா இருந்தாலும் இத முழுசா படிச்சிருங்க. "உங்க படம் எங்க வரைஞ்சது, யார்கிட்டேர்ந்து யார் கைக்கு வந்துச்சு, எல்லாத்தையும் ஆதாரத்தோட எடுத்துத் தர்றேன்"னு இன்ஸ்டாகிராம்ல விளம்பரம் போடுற சென்னை ஆள் ஒருத்தர்கிட்ட எங்க பாட்டையா படத்தக் குடுத்தோம். 45,000 ரூபா பேசி பாதிய அட்வான்ஸா அனுப்புனோம். பணம் போனதுகூட பரவால்ல, அந்த மனுஷன் செஞ்ச வேலையில இப்ப எங்க குடும்பத்துக்குள்ளயே பேச்சுவார்த்தை நின்னு போச்சு.

விஷயம் என்னன்னா, படம் ரங்கூன்ல எடுத்தது. போட்டோவ ப்ரோமைடு பேப்பர்ல பெரிசாக்கி பிரின்ட் போட்டு (ப்ரோமைடு என்லார்ஜ்மென்ட்ம்பாங்க) அதுக்கு மேல ஆயில் கலர் அடிச்சு, அங்கவஸ்திர ஜரிகை கடுக்கன் எல்லாம் கையால தீட்டியிருப்பாங்கல்ல, அந்த மாதிரி. பர்மா தேக்கு பிரேம். பாட்டையாவும் அவரு தம்பியும் முகத்துல ஒரே அச்சு. மலேசியாவுல இருக்க பங்காளிங்க, இது எங்க ஐயா படம், பாகம் பிரிச்சப்ப மாறி உங்க பக்கம் வந்துருச்சுன்னு ரொம்ப நாளா சொல்றாங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ரங்கூன்ல தனித்தனி கடை, தனித்தனி விலாசம் (அட்ரஸ் இல்ல, அந்தந்தக் கடைக்கு அடையாளமா எழுதுற இனிஷியல் எழுத்து). நம்ம பக்கம் பாத்திரத்துல வெட்டுற மாதிரியே பிரேமுக்குப் பின்னாடியும் விலாசத்த பெயின்ட்ல எழுதியிருந்தாங்க. அதுல "ராம." வரைக்கும்தான் வெளிய தெரியும், மிச்சம் பழுப்புப் பேப்பர் ஒட்டுனதுக்கு அடியில. பக்கத்துல மொகல் ஸ்ட்ரீட், ரங்கூன்னு பிரேம் கடை லேபிள் பாதி கிழிஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பேப்பரப் பக்குவமா பிரிச்சாலே படம் யாரோடதுன்னு தெரிஞ்சிரும், தெரியாத நாம கைய வச்சு கிழிச்சிரக் கூடாதுன்னுதான் வேல தெரிஞ்ச ஆள்னு நம்பி அவர்கிட்ட போனோம், இதையெல்லாம் அவருக்கு வாட்சப்ல தெளிவா எழுதியும் அனுப்பியிருக்கேன்.

ஸ்கேன் பண்ணணும்னு எடுத்துட்டுப் போனாரு. அப்பறம் போன் அடிச்சா எடுக்கறதில்ல, எடுத்தா "லேப்ல இருக்கு சார்"ம்பாரு. கடைசியா படம் வந்தப்ப பளபளன்னு வார்னிஷ் அடிச்சு, கோல்டு கலர் பைபர் பிரேம் போட்டு, பின்னாடி புத்தம்புது ப்ளைவுட் வச்சு ஆணி அடிச்சிருக்கு. தேக்கு பிரேம் எங்க, பேப்பர் எங்க, லேபிள் எங்கன்னு கேட்டா "எல்லாம் செல் அரிச்சிருந்துச்சு சார், டிஸ்போஸ் பண்ணிட்டோம்"ங்குறாரு. செல் அரிச்ச மரமா அது? போன பொங்கலுக்குக்கூட நாந்தான் இறக்கித் தொடச்சேன், இரும்பு மாதிரி கனம் கனக்கும். அந்த மாதிரி பிரேமுக்கு ஆன்டிக் மார்க்கெட்ல என்ன வெலைன்னு இந்த ஏரியாவுல எல்லாருக்கும் தெரியும்.

கூடவே அழகா பைண்ட் பண்ணி ஒரு பைல். அதுல 1938-ல படத்துக்குப் பணம் கட்டுன ரசீதுன்னு ஒண்ணு, 1951-ல ஊருக்கு வந்த லெட்டர்னு ஒண்ணு. அப்பச்சி கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரசீதப் பாத்தாங்க, பாத்த நிமிஷமே, "டேய் தம்பி, எண்பத்தஞ்சு ரூபா அம்பது காசுன்னு போட்டிருக்கான், 1938-ல ஏதுடா அம்பது காசு, எட்டணாவுல்ல எழுதியிருப்பான்"னாங்க. நம்ம ஊர்லயே 1957 ஏப்ரல்லதான் அணா போயி நயா பைசா வந்துச்சு, பர்மாவுலயும் அப்ப அணாக் கணக்குதான். அதோட அச்சடிச்ச எழுத்துல "லை", "னை" எல்லாம் இப்ப நாம எழுதுற மாதிரியே இருக்கு, தும்பிக்கை மாதிரி வளைஞ்ச பழைய எழுத்து ஒண்ணுகூட கிடையாது. எழுத்துச் சீர்திருத்தத்துக்கு கவர்மென்ட் ஆர்டர் வந்ததே 1978-ல. பெரியார் பத்திரிகையில முன்னாடியே எழுதுனாங்க சரி, ரங்கூன் கடை ரசீதுல எப்படி வரும்?

லெட்டர் அதுக்கு மேல. 1951 தேதி போட்டு அட்ரஸ்ல சிவகங்கை மாவட்டம், கீழ பின்கோடு. காரைக்குடி அப்ப ராமநாதபுரம் ஜில்லா, இந்தப் பக்கம் தனி மாவட்டமா பிரிஞ்சது 1985-ல, பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட்ல. மச்சான் கடையில கள்ளநோட்டு பாக்குற நீல லைட் இருக்கு, ரெண்டு பேப்பரையும் அதுக்கடியில காட்டுனா வெள்ளச் சட்ட மாதிரி பளீர்னு நீலமா ஒளிருது. வெள்ளையா தெரியறதுக்காகப் பேப்பர்ல சேக்குற கெமிக்கல் அது, 1950 வாக்குலதான் பேப்பர்ல வர ஆரம்பிச்சுது. எங்க அப்பத்தா கல்யாண சீர் லிஸ்ட்ட அதே லைட்ல வச்சா மங்கலா கெடக்கு, ஒளிரவே இல்ல.

இத்தனையும் பண்ணிட்டு, இது ரவிவர்மா சிஷ்யர் கைவண்ணம், வெளிநாட்டுல பார்ட்டி ரெடியா இருக்கு, தொல்லியல் துறையில ரிஜிஸ்டர் பண்ண இன்னும் 60,000 கட்டுங்கன்னாரு. ஆயில் அடிச்சதுக்கு அடியில இருக்கது போட்டோன்னு லென்ஸ் வச்சுப் பாத்தாலே தெரியுது. 1972 தொல்பொருள் சட்டப்படி ஓவியம் நூறு வருஷம் தாண்டுனாதான் ஆன்டிக்விட்டி (தொல்பொருள்), 1938 படத்துக்கு எதுக்கு ரிஜிஸ்ட்ரேஷன்? அப்படியே நூறு தாண்டியிருந்தா தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. ரெண்டு வழியிலயும் அவரு சொன்னது பொய்.

உங்க வீட்டுப் படத்துக்கு இப்படிப் பாக்கணும்னா மொதல்ல பின்பக்கத்த நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து வைங்க, ஆணித் துரு, ஒட்டுன பேப்பர், லேபிள் ஒண்ணு விடாம. பிரிக்கறதா இருந்தா உங்க கண்ணு முன்னாடி உங்க வீட்டுலயே பிரிக்கச் சொல்லுங்க. பழைய பாகப்பத்திரத்துல அசையும் சொத்து ஜாபிதா (லிஸ்ட்) இருந்தா அதுல படம், கடியாரம், பெட்டகம் எல்லாம் யாருக்குப் போச்சுன்னு எழுதியிருப்பாங்க, ரிஜிஸ்டர் பண்ண பத்திரம்னா சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸ்ல மனு போட்டு நகல் கேக்கலாம். பழைய கல்யாண போட்டோக்கள்ல ஆளுங்கள விட்டுட்டு பின்னாடி செவத்தப் பாருங்க, எந்த வருஷம் எந்த வீட்டு வளவுல (உள் முற்றத்துல) படம் தொங்குச்சுன்னு அதுலயே தெரியும். நாங்க இப்ப அதத்தான் பண்ணிக்கிட்டு இருக்கோம், ஆயா வீட்டு ஆல்பம் ஒண்ணு தேவகோட்டையிலேர்ந்து வரணும்.

கன்ஸ்யூமர் கமிஷன்ல மனு போட்டாச்சு, 5 லட்சம் வரைக்கும் பீஸ் கிடையாது, ஆனா ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். வாட்சப் மெசேஜ், பணம் அனுப்புன ஸ்க்ரீன்ஷாட், அந்தப் போலி பைல் எல்லாத்தையும் சேத்திருக்கோம். பங்காளிங்க பக்கத்துல மட்டும், விலாசம் தெரிஞ்சிரக் கூடாதுன்னு நாங்களே பிரேம மாத்திட்டோம்னு நினைக்கிறாங்க, அதத்தான் தாங்க முடியல. ஆன்டிக் கடைப் பக்கம் போறவங்க யாராச்சும், பின்னாடி பாதி கிழிஞ்ச மொகல் ஸ்ட்ரீட் லேபிளும் "ராம."ன்னு ஆரம்பிக்கிற விலாசமும் இருக்க காலி தேக்கு பிரேமப் பாத்தீங்கன்னா, தயவுசெஞ்சு பின்பக்கத்த ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. கடைக்காரர் கேக்குற வெலையக் குடுத்தே வாங்கிக்கிறோம்.