பிரெட் மேக்கர்ல ஜாம் போடறது: ரொம்ப நாள் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்

மாவு பிசைஞ்சு பிரெட் சுட்டுத் தர்ற மெசின், அதான் பிரெட் மேக்கர், அத வாங்குனவங்க பாதிப்பேரு அந்த ஜாம் பட்டனை அமுக்கிக்கூடப் பாத்திருக்க மாட்டாங்க. எங்க ஊட்ல தலைகீழுங்க, தெருமுக்குலயே பேக்கரி இருக்கறப்போ எவன் பிரெட்டுக்கு மாவு பிசையறது, ஜாமுக்குத்தான் மெசின் ஓடுது.

கிண்டற வேலை இல்ல, அதான் பெரிய விசயம். அடுப்புல வெச்சா கடைசி நேரத்துல கரண்டிய உட்டு நகர முடியாது, தெறிச்சு கையில பட்டா கொப்புளம்தான். இதுல பழத்தைப் பொடிசா நறுக்கி சக்கரை, எலுமிச்சை சாறு எல்லாம் ஒட்டுக்கா போட்டு மூடிட்டா ஒன்னேகால் மணிநேரம் போல அதுவே சூடாக்கி அதுவே சுத்திக்குது. அரைக்கிலோ பழத்துக்கு மேல மட்டும் போடாதீங்க, பொங்கி வழிஞ்சு ஹீட்டர்ல கருகுனா அந்த நாத்தம் அடுத்த பிரெட்டு வரைக்கும் வரும்.

ஆனா கெட்டியாகாது. மூடி போட்டே வேகறதால தண்ணி வத்தறது கம்மி. ஜாம்னா கரைஞ்ச திடப்பொருள், முக்கியமா சக்கரை, 65 சதவீதமாச்சும் இருக்கணும்னு எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதியே இருக்கு, மெசின் அதுக்கு முன்னாடியே பீப் அடிச்சு நின்னுக்கும். அதனால நான் எப்பவுமே கடைசியா வடச்சட்டில ஊத்தி கேஸ்ல அஞ்சு பத்து நிமிசம் வத்த உடுவேன், ஃப்ரீசர்ல வெச்ச தட்டுல ஒரு சொட்டு உட்டு, ஆறுனதும் வெரல்ல தள்ளுனா மேல சுருக்கம் உழுகணும், அதான் பதம். தெர்மாமீட்டர் வெச்சிருக்கறவங்க 105 டிகிரின்னு படிச்சுட்டு அதையே புடிச்சுத் தொங்காதீங்க, அது கடல்மட்டத்துக் கணக்கு. கோயமுத்தூரே 400 மீட்டர் ஒசரம், இங்க 103, 104லயே பதம் வந்துரும், ஊட்டில தண்ணியே 92, 93லயே கொதிக்கும், அங்க 105 வரைக்கும் காச்சுனா பாட்டில்லிருந்து நோண்டி எடுக்கோணும். உங்க ஊர்ல தண்ணி எதுல கொதிக்குதோ அதுக்கு மேல நாலரை அஞ்சு டிகிரின்னு வெச்சுக்கங்க.

பழத்துல நீலகிரி பிளம்ஸ்தான் ராசா, சீசன்ல மேட்டுப்பாளையம் பக்கம் போனா வாங்கிருவேன், தோலோட போட்டா புளிப்பும், ஜாமைக் கெட்டியாக்கற பெக்டினும் அதுலயே இருக்கு. கொய்யாவும் நல்லா கெட்டியாகும், ஆனா வேகவெச்சு வடிகட்டி கொட்டைய எடுத்துரணும். பப்பாளில புளிப்பே இல்லாததால ரெண்டு எலுமிச்சையாச்சும் புழியணும். தர்பூசணி, வேண்டாமுங்க.

பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போற அதே கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரையையும் போட்டுப் பாத்தாச்சு. வாழப்பழத்தோட சேர்ந்தா அருமை, ஒரம்பரை வந்தவங்க பிரசாதமான்னு கேட்டாங்க. பிளம்ஸ்ல போட்டா கலரும் போச்சு, வாசமும் போச்சு. சக்கரையக் கொறைக்கலாம், அப்ப ஃப்ரிட்ஜ்ல வெச்சு சீக்கிரம் தின்னு தீத்தரணும், இல்லீனா பூஞ்சை புடிச்சுக்கும்.

போகப்போகத் தேஞ்சது உள்ள சுத்தற துடுப்புதான். சக்கரைப்பாகு துடுப்பு மாட்டற அச்சுல எறங்கி கெட்டியாயிரும், சூடு ஆறறதுக்குள்ள சுடுதண்ணி ஊத்தி ஊற வெச்சரணும். எங்களுதுல கோட்டிங் உரிய ஆரம்பிச்சதும் பாத்திரத்தையே மாத்துனோம், அதோட வெலைய கேட்டு ஊட்டுக்காரருக்கு ஜாமே இனிக்கல.

ஜாமுக்குன்னே தனியா வாங்கலாமான்னா வேண்டாம், அடிகனமான சட்டியும் நல்ல கரண்டியும் போதும். ஏற்கெனவே மெசின் ஊட்ல சும்மா கெடந்தா இந்த வாரமே கொய்யா வாங்கிட்டு வந்து போட்டுப் பாருங்க.