டர்பனில் பழைய படகு வாங்குவோருக்கு: "எல்லா பர்மிட்டும் இருக்கு" என்றால் உஷார்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக் குடும்பம் ஒன்று பழைய படகு வாங்கி அண்மையில் ஏமாந்துபோனது. இரட்டை மோட்டார் போட்ட 17 அடி ஸ்கி போட், அதாவது கடலில் மீன்பிடிக்கும் சிறு படகு. "பர்மிட் எல்லாம் சேர்த்துத்தான் விலை, நாளைக்கே கடலில் இறக்கலாம்" என்றார் விற்றவர். முழுப் பணமும் கைமாறிய பிறகுதான் ஃபைலைப் பிரித்துப் பார்த்தார்கள். ஸ்கிப்பர் (படகு ஓட்டுநர்) சான்றிதழும் மீன்பிடி பர்மிட்டும் விற்றவர் பெயரில் இருந்தன. படகு தண்ணீரில் இறங்கத் தகுதியானது என்று காட்டும் தகுதிச் சான்றிதழோ காலாவதி.

முதல் இரண்டையும் யாரும் யாருக்கும் விற்க முடியாது. 15 குதிரைத்திறனுக்கு மேல் மோட்டார் இருந்தால் ஓட்டுபவர் தன் பெயரில் ஸ்கிப்பர் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்பது தென்னாப்பிரிக்கக் கடல்சார் பாதுகாப்பு ஆணையமான சாம்சாவின் விதி. எழுத்துத் தேர்வும் உண்டு, தண்ணீரில் ஓட்டியும் காட்ட வேண்டும். பரீட்சை இல்லாமல் எடுத்துத் தருகிறேன் என்பவனிடம் ஒரு ராண்டுகூடக் கொடுக்காதீர்கள். மீன்பிடி பர்மிட்டும் ஆளுக்கு ஒன்று. தூண்டில் போடும் ஒவ்வொருவரும் தனியாக எடுக்க வேண்டும்.

இந்த மூன்றில் படகைச் சேர்ந்தது தகுதிச் சான்றிதழ் மட்டுமே. அது ஓராண்டுதான் செல்லும். தேதியைவிட முக்கியம், படகு எவ்வளவு தூரம் போகலாம் என்று சொல்லும் அதிலுள்ள வகை எழுத்து. சி என்றால் கரையிலிருந்து 15 கடல் மைல் வரை, டி என்றால் 5, ஈ என்றால் 1. ஆர் என்றால் உள்நாட்டு நீர்நிலை மட்டும். இந்தப் படகின் பழைய தாளில் இருந்தது ஆர்! இனாண்டா அணையில் ஓடிய படகைக் கடல் படகு என்று தலையில் கட்டிவிட்டார்கள்.

புதுச் சான்றிதழுக்கு ஆய்வாளரிடம் போனபோதுதான் பெரிய அடி. படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் தாங்குவது தளத்துக்கு அடியில் அடைத்த நுரை. ஆணி ஓட்டைகள், விரிசல்கள் வழியே வருடக்கணக்கில் தண்ணீர் இறங்கி அது ஊறிப்போயிருந்தது. இதை வாங்கும் முன்பே கண்டுபிடிக்கலாம். நுரை ஊறியிருந்தால் தளத்தைக் கைமுட்டியால் தட்டினாலே மந்தமாகச் சத்தம் கேட்கும். வடிகால் அடைப்பானைக் கழற்றி, ட்ரெய்லரின் முன்பக்கத்தை உயர்த்தி ஒரு மணி நேரம் விட்டாலும் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். எடைமேடையில் ஏற்றினால் கூடுதல் எடை இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுத்துவிடும். தளத்தை அறுத்து நுரையை மாற்றுவது சின்னச் செலவு இல்லை.

ஆபத்தில் உதவி கேட்கக் கொளுத்தும் அபாய ஒளிக்குழல்களில் (ஃபிளேர்) காலாவதித் தேதி சுரண்டப்பட்டிருந்தது. அதைக் கண்டாலே அந்த விற்பனையை விட்டு விலகுங்கள்.

முன்பணத்தோடு நிறுத்துங்கள். படகின் பக்கவாட்டு எண்ணும் மோட்டார்களின் எண்களும் தாளோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே பாருங்கள். நீங்கள் போகப்போகும் தூரத்துக்கான வகைக்குப் படகு தேறும் என்று ஆய்வாளர் எழுதிக் கொடுத்த பிறகே மீதிப் பணம். தேறாவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.