நோயாளர் சந்திப்பு ஊழியம்: பெற்றுக்கொண்ட ஒரு வீட்டாரின் மதிப்பீடு

நீண்ட நாள் படுக்கையில் இருப்போரையும், வீட்டைவிட்டு வெளியே வர இயலாத முதியோரையும் தேடிச் சென்று பார்க்கும் சந்திப்பு ஊழியம் பல திருச்சபைகளில் நடைபெறுகிறது. அதைப் பற்றிய அறிக்கைகளைப் பெரும்பாலும் ஊழியம் செய்வோரே எழுதுகிறார்கள். எத்தனை வீடுகளுக்குச் சென்றோம், எத்தனை பேருக்காக ஜெபித்தோம் என்ற கணக்கு அவற்றில் இருக்கும். சந்திக்கப்பட்டவரின் வீட்டார் எழுதிய மதிப்பீட்டை நான் அதிகம் கண்டதில்லை என்பதால் இதை எழுதுகிறேன். பக்கவாதத்தால் படுத்துவிட்ட என் தாயாருக்காக எங்கள் சபையின் இந்த ஊழியத்தின் உதவியை நாடினோம். அவர் கர்த்தருக்குள் நித்திரையடையும் வரை அது தொடர்ந்தது. நீடித்த நோயில் இருப்பவரைக் கவனிக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். வந்தவர்கள் எதையும் செய்வதற்கு முன் கேட்டார்கள் என்பதே அதற்கு முதன்மையான காரணம்.

எரிகோவுக்கு வெளியே வழியருகே உட்கார்ந்திருந்த குருடனான பர்திமேயுவுக்கு என்ன தேவை என்பது கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அப்படியிருந்தும் இயேசு அவனை அழைத்து, "நான் உனக்கு என்ன செய்யவேண்டுமென்றிருக்கிறாய்" என்று கேட்டார். பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டுகளாக நோயோடு கிடந்தவனிடமும் அவர் முதலில் கேள்வியையே வைத்தார். நோயாளியின் வாய்ப்பேச்சு குழறத் தொடங்கியதும், வருகிறவர்கள் அவரை விட்டுவிட்டு அவர் தலைக்கு மேலேயே வீட்டாரிடம் பேசத் தொடங்கிவிடுவது எங்கும் நடப்பது. அன்பானவர்களே அதைச் செய்கிறார்கள். இந்த ஊழியர்கள் நாற்காலியை என் தாயாரின் கண்மட்டத்துக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தங்களால் என்ன செய்ய முடியும் என்று அவரிடமே கேட்டு, அவர் ஒவ்வொரு சொல்லையும் முடிக்கும் வரை காத்திருந்தார்கள். ஜெபம் வேண்டும் என்று சொல்வார் என நான் எதிர்பார்த்திருந்தேன். அவரோ தம் தங்கைக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றார். சொல்லுக்குச் சொல் தேடித் தேடி அவர் சொன்ன அந்தக் கடிதம் ஒரே சந்திப்பில் முடியவில்லை. வந்த சகோதரி விட்ட இடத்திலிருந்து மறுமுறை தொடர்ந்து எழுதினார். ஒருமுறைகூட அவர் தாமாக வாக்கியத்தை முடித்துவைக்கவில்லை. நோய் என் தாயாரிடமிருந்து பறித்துக்கொண்ட மதிப்பை அந்தப் பொறுமை அவருக்குத் திருப்பித் தந்தது என்றே நான் நம்புகிறேன்.

இரண்டாவதாகச் சொல்ல வேண்டியது, கவனித்துக்கொள்பவரையும் இவர்கள் கவனித்தார்கள் என்பது. இருவர் இருவராகவே வருவார்கள். ஒருவர் நோயாளியுடன் இருக்க, மற்றவர் என்னைப் போய்த் தூங்கச் சொல்லிவிட்டு வீட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொள்வார். நல்ல சமாரியனைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டியதைச் சொல்கிறோம். ஆனால் மறுநாள் அவன் சத்திரக்காரனிடம் இரண்டு பணத்தைக் கொடுத்து, அது அக்காலத்தில் ஒரு கூலியாளின் இரண்டு நாள் சம்பளம், அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று சொல்லிப் போனதை அவ்வளவாகப் பேசுவதில்லை. காயப்பட்டவனைப் பராமரிக்கும் பாரம் தன்மேல் மட்டும் விழாது என்ற உறுதி அந்தச் சத்திரக்காரனுக்குக் கிடைத்தது. இரவும் பகலும் ஒருவரைப் புரட்டிப் படுக்கவைத்து, சுத்தம் செய்து, மருந்து கொடுத்து வருகிறவருக்கு, "அடுத்த வாரம் இதே நாளில் வருவோம்" என்ற சொல்லும், அது தவறாமல் நிறைவேறுவதும் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்த நிலையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

நடைமுறை விஷயங்களிலும் இவர்கள் பயிற்சி பெற்றிருந்தார்கள். பக்கவாதத்துக்குப் பின் பலருக்கு விழுங்குவது கடினமாகிறது. கொடுக்கும் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் ஆபத்து உண்டு. ஆகவே எங்களிடம் கேளாமல் ஒரு வாய்த் தண்ணீரும் அவருக்குக் கொடுத்ததில்லை. திருவிருந்தின் அப்பத்தையும் திராட்சரசத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்த போதகரும், எந்த அளவு பாதுகாப்பானது என்று மருத்துவரிடம் விசாரித்த பின்பே அதைக் கொடுத்தார். ஆராதனைக்கு வர இயலாதவர்களுக்கு அந்த விருந்தின் பங்கை உதவிக்காரர்கள் எடுத்துச் சென்றதை இரண்டாம் நூற்றாண்டிலேயே ரோமில் வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் எழுதிவைத்திருக்கிறார்; சபையில் சேரும் காணிக்கை அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்போர், அந்நியர் ஆகியோருக்காகச் செலவிடப்பட்டதையும் அதே இடத்தில் சொல்கிறார். ஆராதனையும் இரக்கமும் தொடக்கத்திலிருந்தே பிரிக்கப்படாமல் இருந்தன என்பதை அந்தச் சிறிய அப்பத்துண்டு என் தாயாரின் நாவில் வைக்கப்பட்டபோது நான் உணர்ந்தேன்.

குறையையும் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஓர் ஊழியர் ஒருநாள், மறைவான பாவம் ஏதேனும் இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கும்படி என் தாயாரிடம் சொன்னார். பிறவிக் குருடனைப் பற்றி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்கலாம். எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்த வரையில் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள்; வாய் திறந்து காரணம் சொல்லப் புகுந்தபோதுதான் அவனை வதைத்தார்கள். என் தாயார் அன்றிரவு அழுதார். நான் ஒருங்கிணைப்பாளரிடம் கோபமாகவே முறையிட்டேன். அவர் சாக்குச் சொல்லாமல் கேட்டுக்கொண்டு மறுநாளே வந்து வருத்தம் தெரிவித்தார். அந்த ஊழியரைச் சந்திப்புகளிலிருந்து சிறிது காலம் விலக்கி, மூத்தவர்களிடம் பயிற்சி பெற வைத்தார். பின்பு அந்த இளைஞர் தாமாக வந்து மன்னிப்புக் கேட்டபோது, என் தாயார் தம் அசையும் கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் வரும்படி சொன்னார். இரக்கம் செய்ய வந்தவருக்கு அன்று எங்கள் வீட்டில் இரக்கம் கிடைத்தது. நியாயத்தீர்ப்புக்கு முன்பாக இரக்கம் மேன்மைபாராட்டும் என்று யாக்கோபு எழுதியதை அத்தனை தெளிவாக நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆயினும், போதிய பயிற்சி இல்லாத எவரையும் நோயாளியின் அறைக்குள் அனுப்பக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

எங்கள் அண்டை வீட்டில் கிறிஸ்தவர் அல்லாத முதியவர் ஒருவர் தனியாக இருந்தார். அவரைப் பற்றிச் சொன்னதும், அவர் சம்மதத்தைக் கேட்டு, அவரையும் பார்க்கத் தொடங்கினார்கள். அவர் கேட்காதவரை சமயம் பேசவில்லை. அவர் படத்தை எடுத்து எங்கும் பகிரவும் இல்லை. 252ஆம் ஆண்டளவில் கார்த்தேஜ் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது, தம்மவரை மட்டும் பராமரிப்பது பெரிய காரியமல்ல என்று அந்நகர ஆயர் சிப்ரியான் சபையாருக்குப் போதித்தார். "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்ற இயேசுவின் சொல்லும் சபைப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லப்பட்டதல்ல.

இரவு நேரத்தில் உதவி கிடைப்பதில்லை. தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தப்படும் ஊழியத்தில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. ஆனால் திருத்தக்கூடிய குறைகள் இரண்டு உண்டு. சந்திக்க வேண்டியவர்களின் பட்டியல் போதகர் வழியாக மட்டுமே உருவாகிறது; சபையோடு மனத்தாங்கல் கொண்டு விலகியிருப்போரும், தங்கள் நிலையைச் சொல்ல வெட்கப்படுவோரும் அதில் இடம்பெறுவதில்லை, தேவையோ அவர்களுக்கே மிகுதி. மேலும், அடக்க ஆராதனைக்குப் பின் சில வாரங்களில் சந்திப்புகள் நின்றுவிட்டன. வந்துபோகும் உறவினர் கூட்டம் குறைந்து வீடு வெறுமையாகும் காலம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. துக்கத்தில் இருப்போரைக் குறைந்தது முதலாம் ஆண்டு நினைவு நாள் வரையாவது தொடர்ந்து பார்ப்பது நல்லது. இதை எழுத்திலும் கொடுத்திருக்கிறேன், பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் சபையில் இத்தகைய ஊழியம் இருந்தால், நிலைமை கைமீறும் வரை காத்திராமல் தொடக்கத்திலேயே அழையுங்கள். நோயாளிக்கு எந்த நேரம் களைப்பு மிகுதி, விழுங்குவதிலும் கேட்பதிலும் சிரமம் உண்டா, எதைப் பற்றிப் பேசினால் அவர் கலங்குவார், வீட்டில் கவனித்துக்கொள்பவர் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் ஆகியவற்றை முதல் பேச்சிலேயே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கடைசிக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள். ஊழியர்களுக்கு மிகவும் பயன்படும் தகவலும் அதுவே.